பச்சைப் புடவை அம்மா யார் என்று கேட்டாயே

தம்பி,

சாப்பிட்டாயா, குளிர் எப்படி, காய்ச்சல் விட்டதா என்பதையெல்லாம் உன் அம்மா போனிலேயே கேட்டு முடித்துவிடுகிறாள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீயும் கிளாராவும் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே எங்களோடு பேசினீர்கள். "முன் வரிசையில கிளாராவோட அம்மா பக்கத்துல பச்சைப் புடவை கட்டிகினு ஒரு அம்மா உக்காந்திருக்காங்களே, அது யாருப்பா?" என்று கேட்டாய். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "தூரத்துச் சொந்தம்டா" என்றேன். போனை வைத்ததும் உன் அம்மா பிடித்துக்கொண்டாள். "பெத்த புள்ளகிட்ட கூட நெஜம் வாயில வராதா உனுக்கு? எந்த ஊரு சொந்தம் அது? எம்மாந் தூரம்?" அன்று ராத்திரி சாப்பாட்டு வரைக்கும் எனக்கு அர்ச்சனைதான். அவள் சொன்னதில் தப்பில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் "வுடுப்பா, பரவால்ல" என்று என்னைத் தப்பிக்க விட்டுவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிளாராவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்னபோது, பெண் ஜெர்மன்காரி என்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்க்கொண்டிருந்தவன் என்றைக்கு விமானம் ஏறினானோ, அன்றைக்கே எதற்கும் தயாராகிவிட்டேன். ஆனால், "அவங்கம்மா ஜட்ஜுப்பா. பெரிய கோர்ட்டுல மூணு ஜட்ஜு உட்கார்ற பெஞ்சுக்கு அவங்கதான் தலைமை" என்றாயே, அங்கேதான் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முப்பது வருஷம் செங்கல்பட்டு கோர்ட்டில் நான் யார்? டவாலி. வெள்ளைச் சட்டை, குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. ஜட்ஜுக்கு முன்னால் நடந்து வழி விடச் சொல்ல வேண்டும், கேஸ் வந்ததும் வாசலில் நின்று கட்சிக்காரர் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். ஜட்ஜு எதிரில் ஒரு நாள் ஒரு நிமிஷம் உட்கார்ந்தவன் இல்லை. நான் போய் ஒரு ஜட்ஜுக்குச் சம்பந்தியா? அந்தப் பயத்தில்தான் உன்னிடம், "அப்பா கோர்ட்டுல சிரஸ்தாரா இருந்தாருன்னு சொல்லிடுடா" என்றேன். சிரஸ்தார் என்றால் கோர்ட்டு அலுவலகத்துக்கே தலைவர். நீயும் "சரிப்பா" என்றாய். உன் அம்மாதான் சமையலறையிலிருந்து, "இன்னாத்துக்கு இந்த வேஷம்?" என்று கத்தினாள். நான் காதில் வாங்கவில்லை.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு அவர்கள் வந்து மாமல்லபுரத்தில் தங்கினார்கள் அல்லவா, அந்த முதல் இரண்டு நாளும் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நீ பதிவு அலுவலகம், மண்டபம் என்று அலைந்துகொண்டிருந்தாய். நான் கோட்டு போட்டுக்கொண்டு, அந்த வெயிலில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரஸ்தார் மாதிரி நடந்தேன். சம்பந்தியம்மா ஹோட்டல் வாசலில் இறங்கியதும் என் கால் தானாக அவருக்கு இரண்டடி முன்னால் போய்விடும்; சுதாரித்துக்கொண்டு பின்னுக்கு வருவேன். அவர் நாற்காலியில் உட்காரும்வரை என்னால் உட்கார முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவரே, "உங்கள் கோர்ட்டை எனக்குக் காட்டுவீர்களா?" என்று கேட்டார். நான் வெயில், தூரம், கூட்டம் என்று என்னென்னவோ சொன்னேன். உன் அம்மா அருகிலேயே நின்றுகொண்டு, "இட்டுகினு போயேன். நீ தான் சிரஸ்தாராச்சே" என்றாள். அவளுக்கு என்னைச் சந்தியில் நிறுத்திப் பார்ப்பதில் எப்போதும் ஒரு சந்தோஷம்.

கார் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போனோம். கோர்ட்டு வாசலில் காலை வைக்கவில்லை, டீக்கடைக்காரன் பார்த்துவிட்டான். "டவாலி அண்ணாத்த! இன்னா கோட்டெல்லாம் பலமா கீது? எந்தக் கேசுல மாட்டிகின?" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கூவல். சரி, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, சமாளித்துக்கொள்ளலாம் என்று திரும்பினால், அவர் முகமெல்லாம் சிரிப்பு. "டவாலி! உங்கள் மகன் எனக்குச் சொல்லிக் கொடுத்த சொல்" என்கிறார். முதன்முதலாக அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போன அன்றே, "என் அப்பா கோர்ட்டு டவாலி. அவர் முன்னால் நடந்தால்தான் ஜட்ஜு உள்ளே வர முடியும்" என்று நீ சொல்லியிருக்கிறாய். சட்டை என்ன நிறம், பட்டை என்ன நிறம் என்றுகூடச் சொல்லியிருக்கிறாய். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இரண்டு நாளாக என் கோட்டைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல், நாசூக்காக இருந்திருக்கிறார். டேய், உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. டீ குடித்து முடிப்பதற்குள் அந்தக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் மறைக்கச் சொன்ன வேலையை நீ பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதத்தில் பாதி.

கோர்ட்டு சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரைக்குக் கீழே நிழலில் நின்றோம். என் கோர்ட்டு இங்கிலீசும் அவருடைய இங்கிலீசும் எப்படியோ ஒன்றையொன்று புரிந்துகொண்டன. அவர் தன் கதையைச் சொன்னார். படிப்பு முடித்து, இரண்டு பெரிய பரீட்சை எழுதி, இருபத்தைந்து சொச்சம் வயதிலேயே நேராக ஜட்ஜாகிவிட்டாராம். அங்கே வக்கீலாக இருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. முதல் மூன்று வருஷம் சரியாக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். ஒரு சின்ன ஊரில் வாடகைச் சண்டை, வேலிச் சண்டை, புருஷன் பெண்டாட்டிச் சண்டை. சைக்கிளில் கோர்ட்டுக்குப் போவார், பையை அவரே தூக்குவார், கறுப்பு அங்கியை அவரே மாட்டிக்கொள்வார். கிளாரா பிறந்தபோது அரை நாள் வேலையாக மாற்றிக்கொண்டதற்கு, "இனி இவர் பெஞ்சுக்குத் தலைமை வகிக்க மாட்டார்" என்று ஒரு மூத்த ஜட்ஜு அவர் காதுபடவே சொன்னாராம். அதற்கப்புறம் மேல் கோர்ட்டு, அதற்கு மேல் கோர்ட்டு என்று ஒவ்வொரு படியாக ஏறித்தான் இன்றைக்கு இந்த இடம். "முன்னால் நடக்க யாருமே இல்லையா?" என்று கேட்டேன், எனக்கு அதுதானே கவலை! "இல்லை. பெயரைக்கூட நான்தான் கூப்பிடுவேன். ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, வராவிட்டால் நானே கதவைத் திறந்து தாழ்வாரத்தில் பார்ப்பேன். கால் மணி நேரம் காத்திருப்பேன். அப்புறம்தான் அவர் இல்லாமல் தீர்ப்பு" என்றார். கேட்டதும் என் கண் தானாகக் கோர்ட்டு வாசல்படிக்குப் போயிற்று. அவர் கவனித்துவிட்டார். ஜட்ஜு அல்லவா!

அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அதே தகரக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டு, உனக்குக்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னேன். இப்போது உனக்கும் சொல்கிறேன். நீ ஆறாவது படித்த வருஷம், ஐப்பசி மாசம், விடாத மழை. அப்போது நான் முன்சீப் கோர்ட்டில் இருந்தேன். அன்றைக்கு மாவட்ட ஜட்ஜு ஐயா எங்கள் கோர்ட்டைப் பார்வையிட வருவதாக இருந்தது. உன் அம்மா கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு நிற்கிறேன். நம் வீட்டில் வெள்ளை உடுத்தி வேலைக்குப் போன முதல் ஆள் நான். என் அப்பா கடைசிவரை அடுத்தவன் நிலத்துச் சேற்றில் நின்றவர். அதனால் அந்தச் சட்டையில் ஒரு பொட்டு சேறு பட்டாலும் எனக்கு உடம்பெல்லாம் கூசும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. என் புத்தி அன்றைக்கு எங்கே இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மழைநாளில் கட்சிக்காரர்கள் எல்லாம் சைக்கிள் ஸ்டாண்டில்தான் ஒதுங்குவார்கள். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது. அதனால் டவாலி குடை பிடித்துக்கொண்டு அங்கே போய்ப் பெயரைக் கூப்பிட வேண்டும். எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது, எங்கள் பழக்கம். அன்றைக்கு நான் போகவில்லை. வாசல்படியில் நின்றபடியே மழையைப் பார்த்து, "நெம்மேலி ராஜாத்தி" என்று மூன்று முறை கூப்பிட்டேன். யாருக்கும் கேட்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே உள்ளே வந்து, "மூணு முறை கூப்பிட்டாச்சும்மா, ஆள் இல்லை" என்று முன்சீப் அம்மாவிடம் சொன்னேன். அந்த ராஜாத்தியின் வக்கீல் வேறொரு கோர்ட்டில் இருந்தார். எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது. அதாவது, வராத ஆளைக் கேட்காமலேயே எதிராளிக்குத் தீர்ப்பு. வழக்கு என்ன தெரியுமா? அந்த அம்மா குடியிருந்த வீட்டு மனையிலிருந்து அவரைக் காலி பண்ணச் சொல்லி. கொஞ்ச நேரத்தில் நனைந்துகொண்டு ஓடி வந்தார். "என் பேரு வந்துச்சாங்க?" என்றார். "கூப்பிட்டாச்சும்மா. போயி வக்கீலப் பாருங்க" என்றேன். "இங்கதானங்க நின்னுகினு இருந்தேன்! எங்கியும் போவலியே!" என்று என் கையைப் பிடித்தார். ஈரக் கை. நான் கையை உதறிக்கொண்டேன், தம்பி. சட்டை நனைகிறதே என்று உதறினேன்.

நான்கு நாள் சோறு இறங்கவில்லை. உன் அம்மா தட்டைப் பிடுங்கிக்கொண்டு, "பெசஞ்சிகினே கீற, துன்ன மாட்டேன்ற. இன்னா பண்ணித் தொலச்ச, சொல்லு" என்றாள். சொன்னேன். அவள் திட்டவில்லை. "சட்ட நனைஞ்சா காயும்யா. அந்தப் பொம்பளைக்கு வூடு போனா வருமா?" என்றாள். மறுநாள் முன்சீப் அம்மாவின் அறைக்குள் போய், நான் கூப்பிட்டது கேட்டிருக்காது, கேட்காது என்று தெரிந்துதான் கூப்பிட்டேன் என்று சொன்னேன். என்னைவிடச் சின்ன வயசு அந்த அம்மாவுக்கு. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதை எழுதிக் கொடுப்பீங்களா?" என்றார். "கொடுத்தா என் வேலைம்மா?" என்றேன். "அது எனக்குத் தெரியாது. கொடுக்கலைன்னா அவங்க வீடு போகும், அது தெரியும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். ராஜாத்தியின் வக்கீல் மனுப் போட்டார், அந்தத் தீர்ப்பு ரத்தாகி வழக்கு மறுபடி நடந்தது. எனக்கு மெமோ வந்தது. பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு மூன்று வருஷம் பழைய வழக்குக் கட்டுகள் அடுக்கும் ரெக்கார்டு ரூமில் போட்டார்கள். வேலை போகாமல் காப்பாற்றியது அந்த முன்சீப் அம்மா மேலிடத்துக்கு எழுதிய நாலு வரி என்று பிறகுதான் தெரிந்தது. அவரை நினைக்காத நாள் இல்லை. ஆனால் உன்னிடம் என்ன சொன்னேன்? "அப்பாவுக்குப் புரமோஷன்" என்றேன். நீயும் வகுப்பெல்லாம் சொல்லி, வாத்தியாரிடம் சபாஷ் வாங்கிக்கொண்டு வந்தாய். அந்தப் பொய்க்கு இன்று மன்னிப்புக் கேட்கிறேன்.

எல்லாம் கேட்டுவிட்டுச் சம்பந்தியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த வீடு என்ன ஆயிற்று?" எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் ரெக்கார்டு ரூமில் இருந்தேன். வழக்கு முடிந்து அந்தக் கட்டு என் கைக்குத்தான் வந்தது, நான்தான் அலமாரியில் வைத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். வீடு போயிருந்தால், அன்றைக்கு அந்த மழையில்தான் போயிற்று என்று ஆகிவிடுமே! அதற்கு அவர் சொன்னார்: "இத்தனை வருஷம் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டு மூடியபின் அந்த மனிதர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்கும் தெரியாது. நான் தேடிப் போகக் கூடாது. நீங்கள் ஜட்ஜு இல்லையே. உங்களுக்கு என்ன தடை?" எனக்குச் சுருக்கென்றது. ஜட்ஜு இல்லை என்பதைத்தான் இத்தனை நாளாகக் குறையாக நினைத்துக் கோட்டு மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் காலை நெம்மேலிக்குப் போனோம், அவர், நான், உன் அம்மா மூன்று பேரும். உன்னிடம் மண்டபத்துப் பூ வேலை என்று சொல்லிவிட்டுப் போனது நினைவிருக்கும். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற அந்தத் தொழிற்சாலை தாண்டி உள்ளே போய், ஒரு மளிகைக்கடையில், கோர்ட்டு கேஸ் நடந்த ராஜாத்தி வீடு எது என்று கேட்டேன். கை காட்டினார்கள். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் "செங்கல்பட்டு கோர்ட்டுல..." என்று ஆரம்பிப்பதற்குள், "அட, அந்த வெள்ளச்சட்ட!" என்றார். சின்னப் பையன் யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பான், அப்படித் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "வீடு..." என்றேன். "போச்சு" என்றார்.

உன் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ராஜாத்தியம்மா துணியை உதறிக்கொண்டே சொல்கிறார்: "மூஞ்ச ஏன் அப்டி வெச்சிகினு கீற? உன்னால போவல. அந்த ஜட்ஜம்மா ரெண்டு வாய்தா முழுக்க என்னிய பேச வுட்டுச்சு. எங்க மாமனாரு எப்ப குடிச போட்டாரு, கெணறு யாரு வெட்டுனது, அல்லாம் சொன்னேன். நடுவுல ஒரு வாட்டி கூட நிறுத்தல. எழுதிகினே இருந்தாங்க. பத்திரத்துல எங்க ஆளுங்க பேரு இல்ல, தோத்துட்டேன். தோத்தா தோத்துட்டுப் போறேன், நான் சொன்னத கேட்டாங்க இல்ல? கேக்காமயே தள்ளி வுட்டிருந்தா எனுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும்." இப்போது நிற்கிற வீடு, படூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில் வேலை பார்க்கிற அவர் மகள் கட்டியது. நான் ஒவ்வொரு வாக்கியமாக இங்கிலீசில் சொல்லச் சொல்ல, சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

ராஜாத்தியம்மா அத்தோடு விட்டாரா? என் பக்கம் திரும்பினார். "ஆனா நீ பண்ணதுக்கு உன்ன வுட மாட்டேன். அன்னிக்கு உன் வாய் ஆடுனது எனுக்குத் தெரிஞ்சுது. வேற யாரையோ கூப்புடுறாருன்னு நெனச்சேன். நம்மளக் கூப்புடணும்னா கிட்ட வருவாங்க இல்லனு நெனச்சேன். மனுசனா நீ? மழைக்கு பயந்துகினு படியிலயே நின்னியே! கையப் புடிச்சா உதறுனியே!" ஒரு அரை மணி நேரம், தம்பி. தெருவே கூடிவிட்டது. இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினார். உன் அம்மா பரிந்து பேசுவாள் என்று பார்த்தால், அவளும் சேர்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறாள். முடித்ததும் நான் கையைக் கூப்பி, "மன்னிச்சிடும்மா" என்றேன். "அதெல்லாம் முடியாது. நெத்திலிக் கொழம்பு கீது, உள்ள வந்து துன்னுட்டுப் போ" என்றார்.

சாப்பிட்டோம். சம்பந்தியம்மா முள் எடுக்கத் தெரியாமல் திணற, ராஜாத்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தார். "என் முன்னால் தோற்றவர் ஒருவர் வீட்டிலும் நான் தண்ணீர்கூடக் குடித்ததில்லை" என்றார் சம்பந்தியம்மா. அதை நான் தமிழில் சொன்னதும், "அய்யே, பாவம். இன்னும் ரெண்டு துன்னு" என்று ராஜாத்தியம்மா அவர் தட்டை நிறைத்தார். கிளம்பும்போது, வூட்டுல கல்யாணத்த வெச்சிகினு பத்திரிகை வெக்காம போறியே என்று அதற்கும் திட்டு. காரிலிருந்து தாம்பாளம் இல்லாமல் வெறும் கையில் எடுத்து வைத்தேன். கல்யாணத்தன்று பச்சைப் புடவை கட்டிக்கொண்டு விடிகாலையிலேயே வந்துவிட்டார். பாயசத்தில் இனிப்புப் பத்தவில்லை என்று சமையல்காரரிடம் சண்டை போட்டது அவர்தான்.

உனக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு நான் பெரிய மனிதன் இல்லை, இப்போது உனக்கே தெரிந்திருக்கும். கிளாராவிடம் ஏதாவது தப்பு செய்தால் என்னைப்போல் நான்கு நாள் வைத்துக்கொள்ளாதே, அன்றைக்கே சொல்லிவிடு. அவள் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாதே. முடிவில் நீ சொல்கிறபடிதான் நடக்கப் போகிறது என்றாலும் முழுக்கக் கேள். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது வழக்கில் தோற்ற ஒரு அம்மா. உன் மாமியாரிடம் என் நன்றியைச் சொல். அவர் கேட்டிராவிட்டால் நான் அந்த ஊர்ப் பக்கமே போகாமல் செத்திருப்பேன்.

இப்போதெல்லாம் மாதம் ஒரு முறை நெம்மேலிக்குப் போகிறேன். ராஜாத்தியம்மா இன்னும் மன்னிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் முதலில் திட்டு, அப்புறம் சோறு. பொங்கலுக்கு நீங்கள் வரும்போது கிளாராவையும் அழைத்துக்கொண்டு அங்கே ஒரு நடை போய்விட்டு வா. இன்னார் மகன் என்று சொல். உன்னையும் திட்டுவார். குறுக்கே பேசாமல் நின்று வாங்கிக்கொள். நிலம் நீச்சு என்று உனக்கு நான் எதுவும் சேர்த்து வைக்கவில்லை, தம்பி. அந்தத் திட்டு மட்டும்தான் நான் சம்பாதித்தது. அதில் பாதி உனக்குச் சேரும்.

அப்பா